எட்டாங்கட்டைப் பிரட்டு

பதினெட்டு ஆண்டுகள் ஊமையாய்த் தொங்கிய தண்டவாளத் துண்டு, சித்திரை மாதத்து ஒரு காலையில், சரியாக ஆறு மணிக்கு மீண்டும் ஒலித்தது.

ஒரு காலத்தில் அந்த இரும்பு ஒலித்தால் எட்டாங்கட்டைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் கதவுகள் எல்லாம் திறக்கும். ரப்பர்ப் பால்மரம் வெட்டும் ஆணும் பெண்ணும் இருட்டிலேயே வந்து வரிசையில் நிற்பார்கள். தோட்டக் கணக்கரான கிராணி விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பெயர் படிப்பார். பெயருக்குரியவர் "வந்தேன்யா" என்பார். ஏட்டில் ஒரு கோடு விழும். அந்த அதிகாலை வரிசைக்குப் பிரட்டு என்று பெயர். நலமா என்று கேட்பதற்காக எவரும் பிரட்டு நடத்தியதில்லை. வேலைக்குக் கைகள் எத்தனை வந்தன என்று எண்ணுவதற்காகவே அது நடந்தது.

இன்று வரிசையில் நின்ற இருபத்திரண்டு பேரில் ஒருவர்கூடத் தமிழர் இல்லை. மியன்மாரின் கரையோரக் கிராமங்களிலிருந்து விரட்டப்பட்டு, மூன்று வாரம் கடலில் கிடந்து, சி ரூசா என்ற மலாய்க் கடலோர ஊருக்கு அப்பால் ஆளில்லாத கரையொன்றில் இறங்கியவர்கள் அவர்கள். குடும்பங்களோடு சேர்த்தால் எண்பது பேர். எல்லை கடந்து வந்தோருக்கான தற்காலிகத் தங்குமிடம் என்று வாசலில் பலகை தொங்கியது. அந்தப் பலகைக்கு மேலே, சிமெண்டில் பதித்த பழைய எழுத்துகள்: உழைப்பாளர் அறிவு மன்றம்.

மன்றத்தின் செங்கல்லைச் சுமந்தவர்கள் தோட்டத் தமிழர்கள். தோட்டம் விற்கப்பட்டு, செண்டாயான் பக்கமிருந்து புதுநகரம் ரப்பர் மரங்களை விழுங்கிக்கொண்டு வந்தபோது, எது போனாலும் இது போகாது என்று மறித்து நின்று, மண்டபத்தையும் பின்னாலிருந்த மூன்று லயங்களையும் மீட்டவர்களும் அவர்களே. இன்று அவர்கள் சிரம்பானிலும் செண்டாயானிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். மன்றத்துச் சாவி மட்டும் கைமாறவில்லை. அது புஷ்பவள்ளியின் இடுப்பில் இருந்தது.

புஷ்பவள்ளிக்கு ஐம்பத்திரண்டு வயது. தோட்டம் இருந்தவரை பெண்கள் கூட்டத்துக்கு மண்டோராக, மேற்பார்வையாளராக நின்று வேலை வாங்கியவர். தோட்டம் போன பின் மன்றத்தின் செயலாளர். வந்தவர்களுள் இருபத்திரண்டு பேருக்குக் காசநோய் என்று பரிசோதனை சொன்னபோது, அவர்களை மன்றத்திலேயே வைத்துக் குணப்படுத்தலாமா கூடாதா என்று கூடிய கூட்டத்தில், எதிர்த்தரப்பில் முதல் ஆளாய் எழுந்தவர் சுகுமாறன். செண்டாயான் கட்டுமான இடங்களுக்குக் கல்லும் மணலும் ஏற்றும் லாரிக்காரர். அதே தோட்டத்தில் பிறந்தவர்.

"நம்மாளுங்க இருமிச் செத்தப்ப எவன் வந்து எட்டிப் பாத்தான்? இப்ப ஊரு சீக்கு எல்லாத்தையும் நம்ம மண்டபத்துக்குள்ள விட்டுட்டு, நாளைக்கி எம் பேரப்புள்ள இருமுனா யாருலா பதில் சொல்றது?"

"நீங்க போடற சத்தத்துல கிருமி செத்துரும்னா இன்னும் கொஞ்சம் போடுங்கண்ணே. டாக்டருக்கு வேல மிச்சம்" என்றார் புஷ்பவள்ளி.

சிரிப்பு அடங்கிய பின் அவர் மேடையேறினார். மேடையில் அவர் பேச்சு வேறு. லயத்துப் பேச்சைக் கீழே விட்டுவிட்டு, மன்றத்து வாசகசாலையில் கற்ற தமிழோடு ஏறுவார். நோய் வினைப்பயன் அன்று என்றார்; அது காற்றில்லாத அறையின் பயன், கஞ்சி வற்றிய வயிற்றின் பயன் என்றார். பிறகு தம் தந்தை முகுந்தனின் கதையைச் சொன்னார்.

எத்தனையோ மேடைகளில் அவர் சொன்ன கதை அது. அவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது முகுந்தன் இருமலில் விழுந்தார். எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. பிரட்டில் பெயர் படிக்கும்போது குரல் வராவிட்டால் கோடு விழாது. கோடு விழாவிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். எனவே, கிராணி "முகுந்தன்" என்றதும் இருட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் "வந்தேன்யா" என்றார். மறுநாள் இன்னொருவர். பதினொரு நாள், பதினொரு குரல். முகுந்தனின் நிரையில் நின்ற மரங்களையும் ஆளுக்குக் கொஞ்சமாய் வெட்டி முடித்தார்கள்.

"ஒருவனுக்காக ஊரே குரல் கொடுத்த வரிசையில் வந்தவர்கள் நாம்" என்றார் புஷ்பவள்ளி. "இந்த இருபத்திரண்டு பேரின் பெயர் படிக்கப்படும்போது மட்டும் நாம் ஊமையாவோமா?"

கைகள் உயர்ந்தன. இரண்டே கை வித்தியாசத்தில் மன்றம் திறந்தது. சுகுமாறன் கையைக் கட்டிக்கொண்டு வெளியே போனார்.

சிரம்பானிலிருந்து வந்த மருத்துவர் தர்ஷிகா முறையைச் சொல்லித் தந்தார். ஆறு மாதம். ஒவ்வொரு நாளும். கொடுப்பவர் கண்ணெதிரிலேயே மாத்திரை தொண்டையில் இறங்கவேண்டும். இடையில் விட்டால், பாதி அடிபட்ட கிருமி மருந்தையே எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். மாவட்ட அதிகாரி ஒரு நிபந்தனையும் வைத்திருந்தார்: கண்காணிப்பு பிசகினால் அனுமதி ரத்தாகும், எண்பது பேரும் தடுப்பு முகாமுக்குப் போவார்கள்.

"கண்காணிப்பா?" என்றார் புஷ்பவள்ளி. "அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம் டாக்டர். பிரட்டு வச்சிருவோம்."

தர்ஷிகா சிரித்தார். அவருடைய முப்பாட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இதே எட்டாங்கட்டையில் கிராணியாக இருந்தவர். "எங்கட பூட்டனார் இங்க கோடு போட்டவராம், ஆன்ட்டி. இப்ப நான் வந்து உங்களையே கோடு போடச் சொல்லுறன்."

"பரவால்ல டாக்டர். இந்தத் தடவ பேனா எங்கிட்ட இருக்கு."

முதல் நாள் பிரட்டில், வரிசையில் நின்றவர்களுக்கும் அவர்களுடைய உறவினர்களுக்கும் புஷ்பவள்ளி முகுந்தனின் கதையை மலாய் மொழியில் சொன்னார். ஒருவருக்கொருவர் துணை நிற்கவேண்டும் என்றார். சிலர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். லயத்துச் சுவரோரம் நின்றிருந்த யூனுஸ் என்ற இளைஞன் கடைசிச் சொல் வரை கவனமாகக் கேட்டான். நோய் அவனுக்கு இல்லை. அவனுடைய அண்ணன் அன்வருக்கு இருந்தது.

அன்று முதல் ஒழுங்கு குலையவில்லை. புஷ்பவள்ளி படியில் நின்று பெயர் படிப்பார். வரிசையிலிருந்து "ஹாடிர்" என்று குரல் வரும். வந்திருக்கிறேன் என்று பொருள். ஏட்டில் கோடு விழும். அடுத்து மேசை. அங்கே மன்றத்தின் மூத்த உறுப்பினர் தாயம்மா உட்கார்ந்திருப்பார். மாத்திரையைக் கொடுத்து, தண்ணீரைக் கொடுத்து, முகக்கவசத்தை இறக்கச் சொல்லி, கைவிளக்கை வாய்க்குள் அடிப்பார்.

"ஆ காட்டு. நாக்கத் தூக்கு. இன்னும் தூக்குலா, அடியில வச்சிக்கிட்டு எங்கிட்டயே வெளையாடுறியா? ம், போ."

இரண்டு மாதத்தில் எல்லாருடைய சளியும் சுத்தம் என்று முடிவு வந்தது. இனி அவர்களால் பிறருக்குத் தொற்றாது. மாத்திரை மட்டும் தொடரவேண்டும். மண்டபத்தில் தனியே படுத்திருந்தவர்கள் லயங்களுக்கு, தத்தம் குடும்பத்தாரிடம் திரும்பினார்கள். ஏடு வளர்ந்தது. பக்கத்துக்குப் பக்கம், கட்டத்துக்குக் கட்டம், ஓர் ஓட்டை இல்லாத ஏடு. மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். வேறு தங்குமிடங்களில் பாதிப் பேர் மருந்தை விட்டு ஓடியிருந்தார்கள். எட்டாங்கட்டையில் ஒருவர்கூட ஓடவில்லை. புஷ்பவள்ளி அந்த ஏட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். படிக்காத கூலிகள் என்று ஊர் ஏசிய கூட்டத்தின் ஏடு அது; அணைக்கத்தான் செய்வார்.

நூற்றைம்பதாம் நாள் மீண்டும் சளி எடுத்தார்கள். இருபத்தொரு பேருக்குச் சுத்தம். அன்வருக்குக் கிருமி திரும்பியிருந்தது.

தர்ஷிகா ஏட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு நாள்கூட விடேல்ல. பிறகும் கிருமி இருக்குதெண்டால் ஒண்டுதான் அர்த்தம், ஆன்ட்டி. மருந்துக்கு அடங்காத வகை. உறுதியான முடிவு வர வாரக்கணக்காகும். அதுவரைக்கும் அப்பிடியெண்டுதான் எடுக்கோணும்."

"அப்ப அன்வரு?"

"வேற ஆஸ்பத்திரி, வேற மருந்து. ரெண்டு வருசம்கூடப் போகலாம். காது கேக்காமப் போறதும் உண்டு." அவர் ஏட்டை மூடினார். "ஆனா உங்கட மன்றத்துக்கு ஒண்டும் இல்ல. ஏடு சுத்தம். நாளைக்கு அவரை மட்டும் கூட்டிக்கொண்டு போவினம்."

மருத்துவரின் கார் போன பின் புஷ்பவள்ளி ஏட்டை மடியில் விரித்துப் படியில் உட்கார்ந்தார். ஓர் ஓட்டை இல்லாத ஏடு. அப்படி ஓர் ஏட்டை அவர் முன்பே ஒருமுறை பார்த்திருந்தார். தந்தை இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, தோட்டம் விற்கப்பட்ட நாளில், அலுவலகக் குப்பையிலிருந்து எடுத்த பழைய ஏடு. முகுந்தன் என்ற பெயருக்கு எதிரே பதினொரு கோடுகள், ஒன்றும் பிசகாமல். பன்னிரண்டாம் நாள்தான் அவர் இறந்தார்.

அவர் எழுந்து மேசைக்குப் போனார். தாயம்மா தண்ணீர்க் குவளைகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அன்வரு மொகம் எப்படி இருக்கும்?"

"தாடி வச்சிருப்பான்."

"எல்லாருந்தான் தாடி வச்சிருக்கான். அன்வருக்கு என்னா அடையாளம்?"

தாயம்மா குவளையைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். "கடவாப் பல்லு ஒண்ணு கறுப்பா... இல்லியே, அது மொதல்ல இல்ல, இப்பத்தான் ஒரு மாசமா..." பேச்சு நின்றது. "நா நாக்கத்தான் பாத்தேன் புஷ்பா. மூஞ்சியப் பாக்கல. அந்த இருட்டுல டோர்ச்ச வாயில அடிச்சா மூஞ்சி எங்க தெரியுது?"

"நீங்க நாக்கப் பாத்தீங்க. நா நோட்டப் பாத்தேன்" என்றார் புஷ்பவள்ளி. 

அன்று மாலை, பகலெல்லாம் லயத்தில் இல்லாத அன்வர் திரும்பி வந்ததும், இரண்டு சிறிய போத்தல்களோடு அவர் லயத்துக்குப் போனார். ஒன்றை அன்வரிடம் கொடுத்தார், மற்றதை யூனுசிடம். காசநோய் மாத்திரை சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். ஐந்து மாதமாகக் கழிவறை கழுவும் எவருக்கும் அது தெரியும். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு போத்தல்களோடு போனார்கள். திரும்பி வந்து சன்னல் விளிம்பில் வைத்தார்கள்.

நோயாளியின் போத்தல் வெளிறி இருந்தது. நோயே இல்லாதவனின் போத்தல் செம்மஞ்சளாகச் சிவந்திருந்தது.

"எத்தன நாளு?" என்று மலாயில் கேட்டார்.

"நாற்பத்தொண்ணு, மக்சிக்" என்றான் யூனுஸ். அத்தை என்று அழைத்துப் பழகியவன். "அண்ணன் செண்டாயானில் வேலைக்குப் போறார். அஞ்சு மணிக்கே லாரி வந்துரும். அண்ணி மாசமா இருக்காங்க. பிள்ளை முகாமுல பிறக்கக்கூடாது, ஒரு வாடகை அறையிலாவது பிறக்கணும்னு அவருக்கு ஆசை. இருமலும் நின்னு போச்சு."

"அவன் மாத்திரைய நீ ஏன் முழுங்குன? தூக்கிப் போட்டிருக்கலாமே?"

"அந்தப் பாட்டி நாக்கைத் தூக்கச் சொல்றாங்களே" என்றான் அவன். பிறகு, தான் செய்தது தவறென்று இன்னமும் விளங்காதவனாய், நிமிர்ந்தே சொன்னான்: "நீங்கதானே மக்சிக் சொன்னீங்க. உங்க அப்பா பேரைப் படிச்சப்ப பக்கத்து வீட்டுக்காரர் குரல் குடுத்தார்னு. ஒருத்தருக்காக ஒருத்தர் குரல் குடுக்கணும்னு."

புஷ்பவள்ளி இரண்டு போத்தல்களையும் எடுத்துக்கொண்டார். லயத்தை விட்டு வெளியே வந்தார்.

திரும்பும் வழியில், அந்தக் கதையில் தாம் எந்த மேடையிலும் சொல்லாத பகுதி ஒன்று அவருக்கு நினைவுக்கு வந்தது. பிரட்டுக்கு வராதவர்களின் பெயர்கள் டிரெசரிடம் போகும். தோட்டத்து மருத்துவமனையில் மருந்து கட்டுபவர் அவர். வராதவன் ஏய்க்கிறானா, உண்மையில் நோயாளியா என்று பார்க்க டிரெசர் லயத்துக்கு வருவார். ஏய்ப்பவனைப் பிடிக்க வந்தாலும், நோயாளியைக் கண்டால் வண்டியில் ஏற்றிச் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாகவேண்டும். முகுந்தனின் வாசலுக்கு டிரெசர் வரவேயில்லை. வருவதற்குக் காரணம் இல்லை. ஏட்டில் முகுந்தன் நாள்தோறும் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். பதினொரு குரலும் அன்பினால் எழுந்தவை. அந்தப் பதினொரு குரலும் சேர்ந்துதான் அவரை மறைத்தன.

வாயை மூடிக்கொண்டால் போதும். நாளை அன்வரை மட்டும் கொண்டுபோவார்கள். வேண்டாத மருந்து அவன் காதைத் தின்னும், எண்பது பேரில் எஞ்சியவர்கள் பிழைப்பார்கள், ஏடும் பிழைக்கும். உண்மையைச் சொன்னால் கண்காணிப்பு பிசகிவிட்டது என்று பொருள். எண்பது பேருக்கும் தடுப்பு முகாம் என்று பொருள். ஒருவனைக் கொடுத்து எண்பது பேரைக் காப்பது கணக்கென்றால், அது கிராணியின் கணக்கு. அந்தக் கணக்கை எதிர்த்துத்தானே இந்த மன்றம் எழுந்தது?

அவர் தொலைபேசியை எடுத்தார். "டாக்டர், நாளைக்கி அன்வர யாரும் கூட்டிட்டுப் போவேணாம். மருந்து தோக்கல. நாந்தான் தோத்துட்டேன்."

தர்ஷிகா முழுவதையும் கேட்டார்.  "ஆன்ட்டி, இதை நான் எழுதத்தான் வேணும். தெரியும்தானே?"

"எழுதுங்க. எம் பேரையும் சேத்து எழுதுங்க."

மாவட்ட அதிகாரி இரண்டு நாள் தவணை கொடுத்தார். ஏட்டை இனி நம்ப முடியாது என்றார். இருபத்திரண்டு நோயாளிகளுக்கும் இருபத்திரண்டு பொறுப்பாளர்கள் வேண்டும். ஒவ்வொருவரும் தம் ஆளை நாள்தோறும் நேரில் பார்த்துக் கையொப்பம் இடவேண்டும். ஒருவர் குறைந்தாலும் மன்றத்தை மூடுவோம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மன்றம் நிரம்பியது. சிரம்பானிலிருந்து ரயிலிலும், செண்டாயானிலிருந்து மோட்டாரிலும் வந்தார்கள். பின் வரிசையில் சுகுமாறன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புஷ்பவள்ளி மேடையேறினார். கையில் இரண்டு ஏடுகள்: பழையது ஒன்று, புதியது ஒன்று.

"என் தந்தையின் கதையை இந்த மேடையில் பலமுறை சொல்லியிருக்கிறேன்" என்று தொடங்கினார். "பாதிக் கதையைச் சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதியை இன்று சொல்கிறேன்." டிரெசரைப் பற்றிச் சொன்னார். நாற்பத்தொரு நாளைப் பற்றிச் சொன்னார். அந்தப் பொய்யைக் கற்பித்த வாய் தம்முடைய வாய்தான் என்றார். "கிராணியின் ஏட்டை ஏமாற்றியபோது நாம் கோழைகள் அல்லர். அந்த ஏடு நம்மை விழுங்க வந்த ஏடு, ஏமாற்றினோம். ஆனால் இது நமது ஏடு. நமது கையால் கோடிட்ட ஏட்டையும் ஒருவன் அஞ்சி ஏமாற்றினான் என்றால், பேனா மட்டும்தான் நம் கைக்கு வந்திருக்கிறது; பிரட்டு இன்னும் பழைய பிரட்டாகவே இருக்கிறது. நான் ஆளைப் பார்க்கவில்லை. எண்ணிக்கையைப் பார்த்தேன். இனி வராதவன் பெயருக்கு எவரும் குரல் கொடுக்கவேண்டாம். வரவில்லை என்று உரக்கச் சொல்லுங்கள். சொல்பவனுக்குத் தண்டனை இல்லை, வராதவனுக்கும் இல்லை. நாம் அவனைத் தேடிப் போவோம். தேடிப் போக இருபத்திரண்டு பேர் வேண்டும்."

முதலில் தாயம்மா எழுந்தார். "எனக்கு ஒரு ஆளு எழுதிக்க. இந்தத் தடவ மூஞ்சியப் பாத்துக்கிறேன்." சிரிப்பு எழுந்தது, அதோடு கைகளும் எழுந்தன. பத்து, பதினைந்து, பத்தொன்பது. இருபத்தொன்றில் நின்றது. மிச்சமிருந்த பெயர் அன்வர். கிருமி திரும்பிய ஒரே பெயர்.

புஷ்பவள்ளி தமது பெயரை எழுதப் பேனாவைத் திறந்தார். ஆனால் அவர் ஏற்கெனவே வேறொருவருக்குக் கையொப்பமிட்டிருந்தார். ஒருவருக்கு ஒருவர் என்பதுதான் நிபந்தனை. 

"எந்த லாரியில போனான் அவன்?" பின் வரிசையிலிருந்து சுகுமாறனின் குரல்.

யூனுஸ் சுவரோரம் நின்றிருந்தான். கேள்வியை ஒருவர் மலாயில் சொன்னதும், கையை நீட்டிச் சுகுமாறனையே காட்டினான்.

மண்டபம் திரும்பிப் பார்த்தது. சுகுமாறன் எழுந்தார். "முக்குல நிப்பானே, நீல தொப்பி. அவனா?" யூனுஸ் தலையசைத்தான். "பங்களாதேசத்துக்காரன்னு நெனச்சேன்லா. நாப்பது நாளு எம் பக்கத்துல ஒக்காந்து வந்தான். கல்லு எறக்கயில ஒரு நாளு எனக்கு முதுகு புடிச்சிக்கிச்சி, எம் பங்கையும் சேத்து அவனே எறக்குனான். சீக்குன்னு ஒரு வார்த்த சொல்லல."

"சொன்னா ஏத்தியிருப்பீங்களாண்ணே?" என்றார் புஷ்பவள்ளி. குத்தலாகக் கேட்கவில்லை.

சுகுமாறன் கட்டியிருந்த கையைப் பிரித்தார். "மாட்டேன்" என்றார். "நீ பேசறதெல்லாம் எனக்கு ஒத்துக்கல மண்டோரம்மா. இப்பவும் ஒத்துக்கல. ஆனா எம்பது சனத்த மூட்ட கட்டி அனுப்பிட்டு, காரணம் எட்டாங்கட்டைல இருபத்திரெண்டாவது ஆளு கெடைக்கலன்னு எழுதுவானுங்க. அந்த இருபத்திரெண்டாவது ஆளு நானுன்னு எம் பேரன் படிப்பான்." அவர் மேடையை நோக்கி நடந்தார். "குடு பேனாவ. மொதல்ல எனக்கும் சளி எடுக்கச் சொல்லு டாக்டர. அப்பறம் அந்த நீல தொப்பிய நா பாத்துக்கிறேன்."

அன்வர் என்ற பெயருக்கு எதிரே கையொப்பம் இட்டார். 

சுகுமாறனுக்குத் தொற்று இல்லை என்று முடிவு வந்தது. யூனுசின் ஈரலையும் சோதித்தார்கள், கெடுதல் இல்லை. அன்வரின் கிருமி மருந்துக்கு அடங்கும் வகைதான் என்ற முடிவும் சில வாரங்களில் வந்தது. ஆனால் முதலிலிருந்து ஆறு மாதம். முதல் வாரங்களில் அன்வர் மண்டபத்தில் தனியே இருந்தான். சுகுமாறன் லாரியை வாசலில் நிறுத்திவிட்டு, முகக்கவசம் கட்டிக்கொண்டு, சன்னலுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து, அவன் விழுங்குவதைப் பார்த்துவிட்டுப் போனார். தர்ஷிகா வேலைக்குப் போகலாம் என்று அனுமதித்த பின், மாத்திரைப் பெட்டி லாரியின் முன்கண்ணாடி அடியில் இடம் பிடித்தது. அன்வரின் மனைவி ரஹிமாவுக்குச் சிரம்பானில் பெண் பிறந்தாள். செண்டாயானில் எடுத்த ஒற்றை அறைக்குக் குழந்தையைக் கொண்டுபோனதும் அதே லாரிதான்.

மற்ற இருபத்தொரு பேருக்கும் சிகிச்சை முடிந்தது. ஏட்டில் ஒவ்வொரு பெயராக நிறைவடைந்து, ஒரே பெயர் மிஞ்சியது.

பங்குனியில் கடைசிப் பிரட்டு. ஒரே ஒரு பெயரைப் படிக்க இரும்பு ஒலித்தது. பெயர் படிக்கவேண்டிய தேவை இல்லாதவர்களும் வந்திருந்தார்கள்: குணமான இருபத்தொரு பேர், அவர்களுக்காகக் கையொப்பமிட்டவர்கள், தூக்கம் கலையாத பிள்ளைகள். தர்ஷிகாவும் வந்திருந்தார். வெளிச்சம் வரும் வரை காத்திருந்து, ஏழேகாலுக்குத்தான் புஷ்பவள்ளி படியேறினார். இருட்டில் பெயர் படிப்பதை அவர் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்.

"அன்வர்."

யூனுஸ் வரிசையிலிருந்து ஓர் அடி முன்னே வந்தான்.

"வரல" என்று தமிழிலேயே உரக்கச் சொன்னான் யூனுஸ். ஆறு மாதமாக அந்தச் சொல்லை அவன் எத்தனையோ காலையில் சொல்லியிருந்தான். இத்தனை பெருமையோடு சொன்னதில்லை. அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எட்டாங்கட்டை முக்கில் லாரி ஒலிப்பான் அலறியது. செம்மண் புழுதியோடு லாரி மன்றத்துக்குள் வந்து நின்றது. சுகுமாறன் சன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"இங்க இருக்கான்லா. முழுங்கிட்டான். நாக்கையும் பாத்தேன், மூஞ்சியையும் பாத்தேன். தாயம்மாக்கா, வேணும்னா நீங்களும் ஒருக்கா டோர்ச் அடிச்சிப் பாத்துக்கங்க."

மறுபக்கக் கதவைத் திறந்து அன்வர் இறங்கினான். நீலத் தொப்பியைக் கழற்றினான். முகக்கவசம் இல்லாத முகத்தை நிமிர்த்திக் கொண்டு, படியின் அடியில் வந்து நின்று, "ஹாடிர்" என்றான்.

புஷ்பவள்ளி ஏட்டைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தார். இடது புருவத்தில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. கடலில் வாங்கியதாக இருக்கலாம். பிறகே கோடு போட்டார்.

அந்த ஏடு இன்று மன்றத்து வாசகசாலையில், கண்ணாடிக்குள், விரித்த நிலையில் இருக்கிறது. சுத்தமான பக்கத்தை விரித்து வையுங்கள் என்று மாவட்டத்தார் கேட்டுக்கொண்டார்கள். மன்றம் மறுத்துவிட்டது. விரித்திருக்கும் பக்கத்தில் அன்வர் என்ற பெயருக்கு எதிரே, பொய்க்கோடுகளை அடித்துவிட்டு, நாற்பத்தொரு கட்டங்களைச் சிவப்பு மையால் வளைத்திருக்கிறார் புஷ்பவள்ளி. அதன் அருகே பழைய ஏடு. அதில் முகுந்தன் என்ற பெயருக்கு எதிரே பதினொரு கட்டங்களைச் சுற்றி அதே சிவப்பு மை.

இரண்டையும் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்போது கதை சொல்பவர் சுகுமாறன். லாரி ஓட்டமில்லாத ஞாயிறுகளில் வருகிறார். முழுக் கதையையும் சொல்கிறார்; தாம் கையைக் கட்டிக்கொண்டு வெளியே போன பகுதியையும் விடுவதில்லை.